45 மி.மீ. தண்டவாளத்தில் ஒய்டிஎம்-4 டீசல் என்ஜின்: வீட்டிலேயே கட்டுவது பற்றி

தண்டவாளம்45
வணக்கம். 45 மி.மீ. தண்டவாளத்தில் ஓடுகிற பெரிய டீசல் என்ஜின் மாடல் ஒன்றைக் கட்ட ஆசை. மனசில் இருப்பது அகலப்பாதை டீசல் என்ஜினான டபிள்யூடிஎம்-2, 1:32 அளவில். கையில் இருக்கும் கருவிகள்: டிரில், ஹாக்ஸா, வெர்னியர், 60 வாட் சால்டரிங் அயர்ன், அரம் செட். லேத் கிடையாது. எதிலிருந்து தொடங்குவது, உடலுக்கு என்ன தகடு, மோட்டார் எது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொன்மலை_ஷெட்
தகட்டைத் தொடுவதற்கு முன் அளவைத் தீர்த்துக்கொள்ளுங்கள் நண்பரே. நம்ம அகலப்பாதை 1676 மி.மீ. அதை 32-ஆல் வகுத்தால் 52.4 மி.மீ. நீங்கள் 45-இல் ஓட்டினால் சக்கரங்கள் ஏழு மி.மீ.க்கு மேல் உள்ளே ஒடுங்கி நிற்கும். பக்கவாட்டில் தெரியாது. முன்பக்கம் குனிந்து பார்த்தால் உடனே தெரியும், எவ்வளவு டீடெயில் செய்தாலும் அந்தக் குறை மறையாது. 45-இல் அகலப்பாதை சரியாக உட்கார 1:37 வேண்டும். அந்த அளவில் சக்கரம், பொம்மை மனிதர், கப்ளிங் எதுவும் கடையில் கிடைக்காது.

மீட்டர்கேஜை எடுங்கள். 1000-ஐ 22.5-ஆல் வகுத்தால் 44.4. கிட்டத்தட்ட அச்சு. எல்ஜிபி (தோட்ட ரயில் மாடல் பிராண்டு) தண்டவாளம், பாயிண்ட் (பாதை பிரியும் இடம்), 1:22.5 உதிரிகள் எல்லாம் அப்படியே பயன்படும். மீட்டர்கேஜ் டீசல் என்றால் ஒய்டிஎம்-4 தான். அமெரிக்க அல்கோ நிறுவனத்தின் டிஎல்535 வகை, 251டி என்கிற ஆறு சிலிண்டர் நேர்வரிசை என்ஜின். 1961 முதல் அமெரிக்காவிலிருந்து வந்தது, 1968-லிருந்து வாரணாசி டிஎல்டபிள்யூ-வில் (ரயில்வேயின் டீசல் என்ஜின் தொழிற்சாலை) கட்டினார்கள். எழும்பூரிலிருந்து தெற்கே ஓடிய மீட்டர்கேஜ் ரயில்கள் பலவற்றை இழுத்தது இதுதான்.

மாடலில் நீளம் சுமார் 693 மி.மீ., அகலம் 121 மி.மீ., சக்கர விட்டம் 965-க்கு 42.9, அதாவது 43 மி.மீ. சக்கரம். நிஜ எடை 72 டன். 22.5-ஐ மூன்று முறை பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் 6.3 கிலோ வரும். மாடல் 4.5 முதல் 5 கிலோ இருந்தால் போதும்.

வெர்னியர்
ஷெட்காரர் சொன்ன அளவுகளோடு ஒன்றைச் சேர்க்கிறேன். முழு வரைபடம் கிடைக்காவிட்டால் எல்லாரும் படத்திலிருந்து அளவெடுப்பார்கள், அதில் சக்கரத்தை அளவுகோலாக வைப்பார்கள். வைக்காதீர்கள். 965 என்பது புதுச் சக்கரத்தின் விட்டம். ஓடி ஓடித் தேய்ந்து, லேத்தில் கடைந்து, படத்தில் இருக்கும் சக்கரம் பல மி.மீ. குறைந்திருக்கும். அதை 965 என்று எடுத்தால் என்ஜின் முழுவதும் பெரிதாகிவிடும். முன்பக்கப் படத்துக்குத் தண்டவாள இடைவெளி 1000 மி.மீ. தான் நம்பகமான அளவு. பக்கவாட்டுப் படத்துக்கு மொத்த நீளத்தை வையுங்கள். தூரத்தில் நின்று ஜூம் செய்து எடுத்த படமாக இருக்க வேண்டும். பக்கத்தில் நின்று போனில் எடுத்த படத்தில் நடுவிலுள்ள கதவு பெரிதாகவும் ஓரக் கதவு சிறிதாகவும் வரும்.

குன்னூருக்கும் உதகைக்கும் இடையே ஒய்டிஎம்-4 ஓடுகிறது. பிளாட்பாரத்திலிருந்தே நிதானமாகப் படம் எடுக்கலாம்.

இன்னொன்று: ஒரே வண்டி எண்ணை, ஒரே காலகட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ஹெட்லைட், கைப்பிடி, கேப் (ஓட்டுநர் அறை) ஜன்னல், வண்ணம் எல்லாம் பட்டறைக்குப் பட்டறை மாறியிருக்கும். நாலு படத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்தால் எந்த வண்டியும் ஆகாது.

தண்டவாளம்45
தெளிவாயிற்று. ஒய்டிஎம்-4 என்றே வைத்துக்கொள்கிறேன். தோட்டத்து வளைவு 600 மி.மீ. ஆரம் போட்டிருக்கிறேன், அதில் போகுமா?

பல்சக்கரம்
600-இல் போகாது. 1195 மி.மீ. ஆரமாவது வேண்டும், எல்ஜிபி-யில் ஆர்3. கணக்கு எளிது. மூன்று அச்சுப் போகியில் (உடலுக்கு அடியில் தனியாகத் திரும்பும் சக்கரச் சட்டம்) நடு அச்சு எவ்வளவு பக்கவாட்டில் நகர வேண்டும் என்பதற்கு, முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் உள்ள தூரத்தை வர்க்கப்படுத்தி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்கவும். தூரம் 160 மி.மீ. என்றால் 1195-க்கு 2.7 மி.மீ., 600-க்கு 5.3. முதலாவதைச் சமாளிக்கலாம். இரண்டாவதில் சக்கரம் பக்கச்சட்டத்தில் இடிக்கும், மூக்கும் வளைவுக்கு வெளியே அசிங்கமாக நீட்டிக்கொண்டிருக்கும்.

போகியைத்தான் முதலில் கட்ட வேண்டும். உடலை முதலில் கட்டியவர்கள் பாதிப் பேர் அதை அலமாரியில் வைத்திருக்கிறார்கள், ஓட்டுவதில்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

சக்கரம்: லேத் பட்டறையில் மைல்டு ஸ்டீலில் கடையச் சொல்லுங்கள். தண்டவாளத்தில் உருளும் தடத்தின் விட்டம் 43 மி.மீ., ஃபிளாஞ்ச் (உள்பக்க விளிம்பு) ஆழம் 2 மி.மீ., மொத்த அகலம் 6. அச்சு 5 மி.மீ. சில்வர் ஸ்டீல். சக்கரத்தின் உள்முகத்துக்கு உள்முகம் 40.5 மி.மீ., ஆறு ஜோடிக்கும் ஒரே அளவு. குறைந்தால் பாயிண்டில் செக் ரெயிலைக் (சக்கரத்தை வழிநடத்தும் துணை ரெயில்) கவ்வும், கூடினால் கிராசிங் மூக்கில் (இரு ரெயில்கள் சேரும் கூர்முனை) முட்டும். 40.5 நீளத்துக்கு ஒரு குழாய்த் துண்டை அறுத்து, அதை நடுவில் வைத்து ரிடெய்னிங் காம்பவுண்ட் (உலோகப் பொருத்துகளை இறுக்கும் பசை) போட்டு ஒட்டினால் அளவு தவறாது. குழாயைப் பிறகு எடுக்க நீளவாக்கில் பிளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேரிங்: 5 × 10 × 4 பால் பேரிங், போகிக்கு ஆறு, மொத்தம் 12. உள்சட்டம் 3 மி.மீ. அலுமினியப் பட்டை. இடது வலது பட்டைகளை ஒன்றாகச் சேர்த்துப் போல்ட் போட்டு ஒரே தடவையில் துளையிட வேண்டும். தனித்தனியாகத் துளைத்தால் அச்சுகள் இணையாக நிற்காது, என்ஜின் நேர்பாதையிலும் ஒருபக்கம் இழுக்கும்.

அச்சு இடைவெளி: அல்கோ ட்ரைமவுண்ட் போகியில் மூன்று அச்சும் சம தூரத்தில் இல்லை. ஒருபக்கம் குறுகல், ஒருபக்கம் அகலம். சமமாகப் போட்டால் தெரிந்தவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

நடு அச்சு: இருபுறமும் 3 மி.மீ. நகர இடம், மேலும் கீழும் 1 மி.மீ. அசைய நீள்துளை. நடு அச்சை இறுக்கி வைத்தால் தோட்டத்துப் பாதையின் மேட்டில் அது மட்டும் தாங்கும், முன் அச்சு காற்றில் நிற்கும், அடுத்த வளைவில் தடம் புரளும்.

பொன்மலை_ஷெட்
நிஜ ட்ரைமவுண்டிலும் பாரம் மூன்று இடத்தில்தான் இறங்குகிறது: நடு பிவட், இரண்டு பக்கத் தாங்கிகள். பெயரே அதிலிருந்து வந்ததுதான். மாடலில் ஒரு போகிக்குப் பக்கத் தாங்கி வையுங்கள், இன்னொரு போகி பிவட்டில் எல்லாப் பக்கமும் லேசாகச் சாயட்டும். இரண்டு போகியையும் இறுக்கினால் சட்டம் முறுக்கிக்கொண்டு ஒரு மூலை தூக்கும்.

சால்டர்கம்பி
மோட்டார்? என்20 என்கிற குட்டி கியர் மோட்டார் சின்னதாக இருக்கிறதே, ஒவ்வொரு அச்சுக்கும் ஒன்று போட்டால் என்ன?

பல்சக்கரம்
என்20 வேண்டாம். ஐந்து கிலோ வண்டியில் அதன் பல்சக்கரம் தாங்காது. சக்கரம் வழுக்குகிற விசைக்கு மேலே மோட்டாரின் முறுக்குவிசை இருக்க வேண்டும், அப்போதுதான் வண்டி எங்காவது மாட்டினால் சக்கரம் சுழலும், மோட்டார் எரியாது. ஒரு போகியின் மேல் 2.5 கிலோ, அதில் ஓட்டும் அச்சுகளின் மேல் சுமார் 1.7 கிலோ. உராய்வு ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால் 0.34 கிலோ விசை, சக்கர ஆரம் 2.15 செ.மீ. பெருக்கினால் 0.7 கிலோ-செ.மீ. ஆகவே 1 கிலோ-செ.மீ.க்கு மேல் தொடர்ந்து தரக்கூடிய, 25 மி.மீ. விட்டமுள்ள 12 வோல்ட் கியர் மோட்டார், போகிக்கு ஒன்று.

வேகம்: 43 மி.மீ. சக்கரம் ஒரு சுற்றுக்கு 135 மி.மீ. போகும். 300 ஆர்பிஎம் மோட்டாரில் வினாடிக்கு 67 செ.மீ. அதை 22.5-ஆல் பெருக்கினால் நிஜத்தில் மணிக்கு 55 கி.மீ. மீட்டர்கேஜ் பாசஞ்சருக்கு அருமையான வேகம். 600 ஆர்பிஎம் வாங்காதீர்கள். மெதுவாகக் கிளம்பாது, தட்டென்று குதிக்கும்.

பொருத்துவது: மோட்டாரைப் போகிமேல் செங்குத்தாக நிறுத்துங்கள், தண்டு கீழ்நோக்கி. 1 மாட்யூல், 20 பல் பெவல் கியர் (சுழற்சியை 90 டிகிரி திருப்பும் பல்சக்கரம்) ஜோடி, 1:1. அது ஒரு ஓர அச்சைச் சுழற்றும். அந்த அச்சிலிருந்து எதிர் ஓர அச்சுக்கு ஜிடி2 பல் பெல்ட், இரண்டு பக்கமும் 20 பல் புல்லி. பெல்ட் நீளம் அச்சு தூரத்தின் இரு மடங்கோடு 40 மி.மீ. நடு அச்சு பெல்ட் வளையத்துக்குள்ளேயே தடையில்லாமல் சுழலும், அதற்கு ஓட்டம் தேவையில்லை.

பெவல் பல்லை இறுக்கிப் பொருத்தினால் கர்ரென்று சத்தம் வரும், கரண்ட் ஏறும். சாதாரண ஜெராக்ஸ் தாள் ஒன்றைப் பற்களுக்கிடையே வைத்து மோட்டாரைக் கீழே தள்ளி ஸ்க்ரூ இறுக்கி, பிறகு தாளைச் சுழற்றி எடுங்கள். தாளில் பல் தடம் ஒரே சீராகப் பதிந்திருக்க வேண்டும். ஒருபக்கம் கிழிந்து மறுபக்கம் தடமே இல்லை என்றால் மோட்டார் சாய்ந்து நிற்கிறது, அடியில் ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வையுங்கள்.

போகி திரும்பும்போது மோட்டாரும் சேர்ந்து நகரும். மேடைத் தகட்டில் (உடல் உட்காரும் அடித்தகடு) மோட்டாருக்கு இருபுறமும் 15 மி.மீ. இடம் விட்டு வாய் வெட்டுங்கள். எந்த அச்சின் மேல் மோட்டார் என்பதைக் கேபுக்குள் வராதபடி முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது போகி 180 டிகிரி திரும்பி உட்காரும். அதன் மோட்டார் ஒயரை மாற்றி இணைக்காவிட்டால் இரண்டும் எதிரெதிராக இழுக்கும்.

எச்ஐபிஎஸ்
உடலுக்கு வருகிறேன். பித்தளைத் தகடு அழகு, ஆனால் 693 மி.மீ. நீளத்துக்குச் சால்டர் செய்யும்போது வளையும், 60 வாட் அயர்ன் போதவே போதாது. எச்ஐபிஎஸ் (பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்) தகடுதான் என் சிபாரிசு. பக்கச் சுவர் 2 மி.மீ., கதவுகள் 0.5 மி.மீ., உள் தடுப்பு 3 மி.மீ. முதுகெலும்பு மட்டும் அலுமினியம்: 1 × ½ இன்ச் பாக்ஸ் செக்‌ஷன் (சதுரக் குழாய் போன்ற சட்டம்) இரண்டு, மேடையின் முழு நீளத்துக்கு. கப்ளிங் இழுவை அலுமினியத்தில் இறங்க வேண்டும், பிளாஸ்டிக்கில் அல்ல.

ஒட்ட டைகுளோரோமீத்தேன் என்கிற கரைப்பான், நுனி மெல்லிய பிரஷ்ஷால். இரண்டு தகட்டையும் சேர்த்துப் பிடித்து விளிம்பில் தொட்டால் தானே உள்ளே ஓடும். ஜன்னல் திறந்து ஃபேன் போட்டுத்தான் வேலை செய்ய வேண்டும், அந்த ஆவி நல்லதல்ல.

ஒய்டிஎம்-4-இன் முகமே அந்த நீளமான ஹூட்டின் (என்ஜினை மூடும் பெட்டி) கதவு வரிசைதான். கதவுகளைத் தனித்தனியாக 0.5 தகட்டில் வெட்டி, கதவுக்குக் கதவு 0.3 மி.மீ. இடைவெளி விட்டு 2 மி.மீ. சுவர்மேல் ஒட்டுங்கள். கோடு கீறி விடுவதை விட நூறு மடங்கு நன்றாக இருக்கும். ஆனால் பெரிய பரப்பில் ஒட்டும்போது கரைப்பான் நடுவில் மாட்டிக்கொள்ளும். சில வாரம் கழித்துக் கதவு உப்பி நிற்கும், பெயிண்ட் அடித்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே ஒட்டுவதற்கு முன்பே 2 மி.மீ. சுவரில், கதவு வரும் இடத்துக்குப் பின்னால் 30 மி.மீ.க்கு ஒன்றாக 2 மி.மீ. துளை போடுங்கள். ஆவி உள்பக்கமாகப் போய்விடும். ஒரு வாரம் காய விட்டுத்தான் பிரைமர்.

கீல்: 1 மி.மீ. பிளாஸ்டிக் கம்பியை 3 மி.மீ. துண்டுகளாக நறுக்கி ஒட்டுங்கள். பிளேடுக்கு முன்னால் ஒரு தடுப்பு வைத்து நறுக்கினால் எல்லாம் ஒரே நீளம். ரேடியேட்டர் ஷட்டர்: 0.5 தகட்டை 2.5 மி.மீ. பட்டைகளாக வெட்டி, சாய்வாக ஒன்றன்மேல் ஒன்று. இடைவெளிக்கு ஒரே மாதிரித் துண்டு இரண்டை வைத்து நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கண் அளவில் ஒட்டினால் பத்தாவது பட்டையில் கோணல் தெரியும். மேலே ஃபேன் கிரில் வழியாக உள்ளே பார்க்க முடியும், அங்கே வெறும் ஓட்டை இருக்கக் கூடாது.

முப்பரிமாணம்
கதவு, ஷட்டர் எல்லாவற்றையும் 3டி பிரிண்டரில் எடுத்தால் ஒரே நாளில் முடியுமே?

எச்ஐபிஎஸ்
ஃபேன், ஆக்சில் பாக்ஸ் மூடி, ஹார்ன் போன்றவற்றுக்குத் தாராளமாக. ரெசின் பிரிண்ட் அற்புதமாக வரும். ஆனால் ஹூட் முழுவதையும் பிஎல்ஏ என்கிற பிரிண்டர் பிளாஸ்டிக்கில் எடுக்காதீர்கள். பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகும். சித்திரை வெயிலில் அடர்ந்த நிறப் பெயிண்டோடு தண்டவாளத்தில் நிற்கும் என்ஜினின் கூரை அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தொடும், நடுவில் தொய்ந்துவிடும். பெட்ஜி அல்லது ஏபிஎஸ் என்றால் சரி. எச்ஐபிஎஸ்ஸும் வெயிலில் மணிக்கணக்கில் நிற்பதற்கில்லை, அதனால்தான் உள்ளே 100 மி.மீ.க்கு ஒரு தடுப்பு. அடுக்குக் கோடுகளைத் தேய்த்து மழமழப்பாக்கும் நேரத்தில் தட்டையான சுவரை வெட்டியே முடித்துவிடலாம்.

சால்டர்கம்பி
கைப்பிடிக் கம்பி என் பக்கம். 1.6 மி.மீ. பித்தளைக் கம்பி, நிஜத்தில் 36 மி.மீ. குழாய். நிறுத்துக்கால்களுக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஸ்பிளிட் பின்னே போதும், அதன் தலை ஓட்டைக்குள் கம்பி சரியாகப் போகும் அளவாகப் பார்த்து வாங்குங்கள். பின்னை மேடைத் தகட்டில் துளைத்து இறக்கி, கீழே இரு காலையும் விரித்து ஆரல்டைட் வையுங்கள். உயரம் சீராக இருக்க, மேடைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரே உயரமுள்ள மரக்கட்டையை நகர்த்திக்கொண்டே ஒட்ட வேண்டும்.

சால்டர் வேலை எதையும் பிளாஸ்டிக் மேல் வைத்துச் செய்யக்கூடாது. மரப்பலகையில் ஆணி அடித்து ஜிக் செய்து, அங்கே முடித்து, கழுவி, பிறகு கொண்டுவந்து பொருத்துங்கள். ஃபிளக்ஸைக் கழுவாவிட்டால் பெயிண்டுக்கு அடியில் பச்சை பூக்கும்.

முன்பக்கம் மீட்டர்கேஜுக்கே உரியது: பக்க பஃபர் இல்லை, நடுவில் ஒரே பஃபர், அதிலேயே கொக்கி. இரண்டு பஃபர் வைத்து விட்டால் அது அகலப்பாதை வண்டி. பக்கத்தில் பிரேக்குக்கான வேக்குவம் குழாய். அதன் வரி வரியான உருவத்துக்கு, 2 மி.மீ. செம்புக் கம்பியின் மேல் 0.5 கம்பியை நெருக்கமாகச் சுற்றி, ஹீட் ஷ்ரிங்க் போட்டுச் சூடு காட்டுங்கள். உள்ளே சுற்று வரியாகத் தெரியும். செம்பு என்பதால் எந்த வளைவில் வேண்டுமானாலும் தொங்க விடலாம்.

போகியின் பக்கச்சட்டத்தில் ஸ்பிரிங்கைத் தட்டையாக வரைந்து விடாதீர்கள். 4 மி.மீ. டிரில் பிட்மேல் 0.8 கம்பியைச் சுற்றி நிஜச் சுருளாகவே வையுங்கள். பிரேக் சிலிண்டர், மணல் குழாய் இரண்டும் இருந்தால்தான் போகிக்கு உயிர். மணல் குழாயின் நுனி சக்கரத்திலிருந்து 2 மி.மீ. விலகி இருக்கட்டும், வளைவில் உரசும்.

தண்டவாளம்45
மின்சாரத்தைத் தண்டவாளத்திலிருந்து எடுக்கலாமா, பேட்டரியா?

ஆம்பியர்
தோட்டம் என்றால் பேட்டரிதான். நம்ம ஊர்ப் புழுதியில் தண்டவாளத்தைத் துடைத்தே கை ஓய்ந்துவிடும்.

18650 லித்தியம் செல் ஆறு, 3எஸ்2பி (இரண்டிரண்டாக இணைத்த மூன்று ஜோடி, தொடராக), செல்களைக் காக்கும் பிஎம்எஸ் பலகையோடு. செல்லுக்கு 2600 மில்லி ஆம்பியர்-மணி என்றால் மொத்தம் 5.2 ஆம்பியர்-மணி. இரண்டு மோட்டாரும் சேர்ந்து ஓட்டத்தில் ஓர் ஆம்பியர் எடுத்தால் நாலு மணி நேரம் தாராளம். பேட்டரியின் பாசிட்டிவ் ஒயரில் செல்லுக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ். ஒய்டிஎம்-4-க்கு இரண்டு போகிக்கும் நடுவில் தொங்கும் டீசல் டாங்கிக்குள் அந்த ஆறு செல்லும் இரண்டு அடுக்காக உட்காரும். கனம் கீழே இருப்பதால் வளைவில் சாயாது. டாங்கியின் அடித்தகடு ஸ்க்ரூவில் கழல வேண்டும், வெட்டி எடுக்கிற மாதிரி ஒட்டிவிடாதீர்கள். சார்ஜ் போடும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இரும்புச் சக்கரம், இரும்பு அச்சு, இரண்டும் சேர்ந்தால் தண்டவாளத்தை ஷார்ட் செய்யும். உங்கள் பாதையில் பரவாயில்லை. தண்டவாளத்தில் கரண்ட் ஓடும் நண்பர் வீட்டுப் பாதையில் வைத்த அடுத்த நொடி அவர் கன்ட்ரோலர் போய்விடும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரத்துக்கு டெல்ரின் (மின்சாரம் கடத்தாத கடின பிளாஸ்டிக்) புஷ் போட்டு விடுங்கள், லேத்காரரிடம் முதலிலேயே சொன்னால் சுலபம்.

சத்தத்தைப் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன், இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் அல்கோ ஒலி பெரும்பாலும் டபிள்யூடிஎம்-2-வுடையது, 16 சிலிண்டர். நாலு ஸ்ட்ரோக் என்ஜின் ஐடிலில் சுமார் 400 ஆர்பிஎம் என்றால், 16 சிலிண்டரில் வினாடிக்கு 53 வெடிப்பு. ஆறு சிலிண்டரில் 20 தான். அதனால்தான் ஒய்டிஎம்-4 நிற்கும்போது ஒவ்வொரு தட்டும் பிரிந்து பிரிந்து கேட்கும். டபிள்யூடிஎம்-2 ஒலியை வைத்து ஓட்டினால் கண் ஒன்றைப் பார்க்கும், காது வேறொன்றைக் கேட்கும். ஒலியை மெதுவாக ஓட்டிச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள், ஹார்னும் டர்போ விசிலும் சேர்ந்து இறங்கிவிடும். ஒய்டிஎம்-4-இலேயே பதிவு செய்த ஒலியைத் தேடுங்கள். டிஎஃப்பிளேயர் என்கிற ஒலி பலகை, 4 ஓம் 3 வாட் ஸ்பீக்கர் போதும், ஆனால் ஸ்பீக்கரின் முதுகை ஒரு மூடிய பெட்டிக்குள் வையுங்கள். திறந்து விட்டால் அடித்தொனி வராது. த்ராட்டில் ஏற்றியதும் முதலில் சத்தம் ஏறி, ஓரிரு வினாடி கழித்து வண்டி நகர்வதுபோல் நிரல் எழுதுங்கள்.

பொன்மலை_ஷெட்
அந்த ஓரிரு வினாடி ரொம்ப முக்கியம். டர்போ சுழன்று காற்று வருவதற்குள் டீசல் அதிகமாகப் போவதால்தான் அல்கோ கிளம்பும்போது கரும்புகை கக்கும். அந்தக் கரி ஹூட்டின் மேல், புகைபோக்கியைச் சுற்றித்தான் படியும். பெயிண்டில் அதைக் காட்டுகிறவர்கள் என்ஜின் முழுவதும் கறுப்பு பூசுகிறார்கள். புகைபோக்கியிலிருந்து விலக விலகக் குறைய வேண்டும். போகியில் இருப்பது கரி அல்ல, பிரேக் தூசு: செம்பழுப்பு. டாங்கி மூடிக்குக் கீழே எண்ணெய் வழிந்த பளபளப்பு, அந்த இடம் மட்டும் கிளாஸ்.

வெர்னியர்
வரிசை: பிளாஸ்டிக்குக்குச் சாதாரண பிரைமர், பித்தளைப் பாகங்களுக்கு எட்ச் பிரைமர் (உலோகத்தில் பிடிக்கும் பிரைமர்), பிறகு வெளிர் நிறம் முதலில், அடர்ந்தது பிறகு. மறைப்பு டேப் ஒட்டியதும் அதன் விளிம்பில் முதலில் பழைய நிறத்தையே மெல்லியதாக ஒருமுறை அடியுங்கள். இடுக்கு இருந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும், புது நிறம் கசியாது.

எண்ணுக்கும் ரயில்வே எழுத்துக்கும் ஸ்டிக்கர் கடையில் வினைலில் பிளாட்டர் கட்டிங் எடுக்கலாம். 3 மி.மீ. உயரத்துக்குக் கீழே இந்தி எழுத்தின் வளைவு கிழிந்துபோகும், அதற்கு நீரில் ஒட்டும் டீகால் தான்.

தண்டவாளம்45
வினைல் எழுத்தின் விளிம்பு தடித்துத் தெரியாதா?

வெர்னியர்
தெரியும். அதனால்தான் வினைலை ஸ்டென்சிலாகப் பயன்படுத்த வேண்டும். எழுத்தை வெட்டி எடுத்த மீதிப் பகுதியை உடலில் ஒட்டி, மேலே வெள்ளையைக் காய்ந்த தூறலாக மூன்று தடவை அடித்து, தொட்டால் ஒட்டாத பதத்தில், முழுசாக இறுகுவதற்கு முன் உரியுங்கள். எழுத்து பெயிண்டாகவே நிற்கும். கதவுக் கீல்மேல் எழுத்து விழும் இடத்தில் மட்டும் கீலை எழுத்துக்குப் பிறகு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ஸ்டென்சில் படியாது.

தண்டவாளம்45
சரி. முதலில் லேத் பட்டறைக்கு 12 சக்கரம், 6 டெல்ரின் புஷ். வளைவை 1195-க்கு மாற்றிப் போடுகிறேன். போகி ஓடியதும் பெவல் தாள் தடத்தைப் படத்தோடு போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

பல்சக்கரம்
போடுங்கள். மோட்டாரை இணைக்கும் முன் போகியைக் கண்ணாடிமேல் வைத்து ஆறு சக்கரமும் தொடுகிறதா பாருங்கள். பிறகு வெறும் போகியை நூறில் இரண்டு சரிவில் விடுங்கள், தானாக உருள வேண்டும். உருளாவிட்டால் பேரிங்கில் குறையில்லை, துளைகள் நேரில்லை என்று அர்த்தம்.